பிறந்த ஆண்டு ஒயினும் அப்பாவின் நான்கு ஆண்டுகளும்

தக்கலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பா 1959-ல் பிறந்தவர். ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்தைந்து ஆண்டுகள் குடித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் சேர்த்தபோது, மூன்றாம் நாள் கைநடுக்கமும் பிதற்றலும் வந்தன. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று சொல்லிக் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தார். அதன்பின் மறுவாழ்வுச் சிகிச்சை. அன்றிலிருந்து ஒரு சொட்டுகூட இல்லை. சனிக்கிழமை மாலைகளில் நாகர்கோவிலில், குடியை விட்டவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கும் அண்ணன், பெற்றோரின் நாற்பதாவது திருமண ஆண்டை முன்னிட்டு மார்ச் மாதம் குடும்பம் முழுவதையும் அழைத்திருக்கிறார். அங்கே பரோசா பள்ளத்தாக்கில் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு என்ற பழைய ஒயின் ஆலை இருக்கிறது. பிறந்த ஆண்டைச் சொன்னால் அந்த ஆண்டின் ஒயினைப் பீப்பாயிலிருந்தே எடுத்து ருசிக்கத் தருவார்கள். அப்பாவுக்கு 1959 ஒயின் என்று அண்ணன் முன்பதிவே செய்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் பரிசு அது. ‘நாலு வருடம் ஆகிவிட்டது, இன்னுமா அவர் நோயாளி? ஒயின் என்பது சாராயமா என்ன, ஒரு மடக்குத்தானே’ என்று அவர் தொலைபேசியில் கேட்கிறார்.

அம்மாவுக்கு அன்று முதல் உறக்கமில்லை. முன்பு ஒருமுறை செய்ததுபோல, குடித்தால் வாந்தி வரும் மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்துவிடலாமா என்று யோசிக்கிறார். ‘அப்பாவிடம் ஏதாவது பொய் சொல்லிப் பயணத்தையே நிறுத்திவிடட்டுமா? போனால் அந்த வாசனையே அவரை மறுபடி குடிக்க வைத்துவிடுமா?’ என்பவை ஆசிரியையின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணன் என்ன நினைக்கிறார், அம்மா என்ன நினைக்கிறார், மைனி என்ன சொன்னார், உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று நான்கு பக்கங்களில் எல்லோருடைய எண்ணமும் இருக்கிறது. அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

என்னுடைய பதிலில் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குடியை விட்டது அவர். கை நடுங்கிய இரவுகளைக் கடந்தது அவர். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய், முன்பின் அறியாதவர்கள் நடுவே எழுந்து நின்று ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்கிறவரும் அவர்தான். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி நீங்கள் எல்லோரும் கூடிப் பேசும்போது அவரை வெளித் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இந்த வேளையில் மிகவும் ஆகாதது, தன்னைச் சுற்றி எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற உணர்வுதான். குடித்த காலத்தில் வீட்டில் ஒளிவுமறைவு அவர் பக்கம் இருந்தது. இப்போது அது உங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது.

எனவே முதலில் அவரிடம் நேராகச் சொல்லுங்கள். உறவினர் யாரும் இல்லாத ஒரு சாயங்காலமாகப் பாருங்கள். ‘அப்பா, அண்ணன் ஒரு பழைய ஒயின் ஆலைக்கு நம்மைக் கூட்டிப் போக நினைக்கிறான். உங்கள் பிறந்த வருடத்து ஒயினை உங்களுக்குத் தர வேண்டும் என்று பதிவு செய்திருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ இவ்வளவு போதும். பிறகு நீங்கள் பேசாதிருங்கள். அவர் சிரிக்கலாம், கோபப்படலாம், ‘மக்களே, நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள்’ என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவருடைய பதில். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனால், அடுத்த சனிக்கிழமைக் கூட்டம் முடியும்வரை காத்திருங்கள். அங்கே அவர் இதைப் பேசக்கூடும். தன்னைப் போன்றவர்களிடம் பேசுவது அவருக்கு உங்களிடம் பேசுவதைவிட எளிது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அண்ணனைப் பற்றி

அண்ணன் மீது கடிதம் முழுக்கக் கோபம் தெரிகிறது. அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் போனவர். நீங்கள் எழுதியிருக்கும் மோசமான ஆண்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சுவரில் எறும்பு ஊர்ந்த அந்த இரவில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்களும் அம்மாவும். அவருக்கு அது தொலைபேசியில் கேட்ட செய்தி. பணம் அனுப்பினார், வர முடியவில்லை. அப்படிப் பட்ட ஒரு மகன், அப்பா பிறந்த ஆண்டிலிருந்து ஒரு பீப்பாய்க்குள் காத்துக்கிடக்கும் ஒரு பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க நினைக்கிறார். பரிசு தவறானது. அதற்குப் பின்னாலிருக்கும் மனது தவறானதல்ல. ‘உனக்கு என்ன தெரியும்’ என்று தொடங்காமல் அந்த மூன்றாம் நாள் இரவை அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். இதுவரை சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட கேள்விக்கு மருத்துவராக என் பதில் இது. நான்கு ஆண்டுகள் என்பது பெரிய சாதனை. ஆண்டுகள் கூடக்கூட மறுபடி குடிக்கும் ஆபத்து குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு வந்தது கடுமையான குடிநோய். நிறுத்தியதும் பிதற்றலும் மாயத்தோற்றமும் வரும் அளவுக்கு உடலும் மூளையும் மதுவுக்குப் பழகியிருந்தன. அந்தப் பழக்கத்தின் தடம் மூளையில் அழிவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் அளவோடு குடிப்பது என்ற வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மீண்டும் குடித்து மீண்டும் நிறுத்த நேர்ந்தால், அடுத்த முறை வரும் நடுக்கமும் பிதற்றலும் முன்னதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதையும் அண்ணன் அறிய வேண்டும்.

ஒயின் வெறும் திராட்சைச் சாறா?

இந்த எண்ணம் நம் மாவட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. தேவாலயத்தில் திராட்சை ரசம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஊறப்போடும் ஒயின், கேக்கோடு ஒரு சிறு கோப்பை. இவற்றால் ஒயினை மதுவின் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். பனையை அறிந்த நமக்கு இதை விளக்கக் கலயமே போதும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் அக்கானி, அதாவது பதநீர். அதே பாளை, அதே சாறு, சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் இறங்கினால் கள். காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம் என்ற நிலையில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் மதுவாக மாற்றிவிடுகிறது. திராட்சையிலும் நடப்பது அதுதான். வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயினிலும் அதுதான்.

செப்பெல்ட்ஸ்ஃபீல்டின் பழைய ஒயின் இன்னும் ஒரு படி மேல். சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வடித்த சாராயத்தைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் செத்துப்போகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது. அதனால்தான் அது தேன்போல் இனிக்கிறது. அண்ணன் ‘சாராயமா என்ன’ என்று கேட்டாரே, சாராயமும் அதற்குள் இருக்கிறது. சாதாரண ஒயினில் மது 12 முதல் 14 சதவீதம் என்றால், இந்த வகையில் ஏறக்குறைய 17 முதல் 22 சதவீதம். பல பத்தாண்டுகள் பீப்பாயில் கிடக்கும்போது ஒரு பங்கு ஆவியாகிப் போய் மீதி கெட்டியாகிறது. இனிப்பும் மதுவும் சேர்ந்த இது, சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடும் 66 வயதுக்காரருக்கு மருந்தாகாது. சில சர்க்கரை மாத்திரைகளோடு மது சேர்ந்தால், அதுவும் வெறும் வயிற்றில், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும்.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மைனி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படிச் சொன்னதுண்டு. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்துவிட்டது.

வாயில் வைத்து ருசித்துவிட்டுத் துப்பிவிடலாமே என்று ஒரு வழி இருக்கிறது. அங்கே அதற்கென்றே பாத்திரமும் வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது சரி. உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். அவருடைய மூளைக்கு ருசிதான் அழைப்பு. வயிற்றுக்குள் போனதா இல்லையா என்பது அதற்குப் பிறகான கணக்கு. மது நீக்கிய ஒயின் என்று விற்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன்.

அம்மாவின் மாத்திரை

இதில் மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். கூடவே கூடாது.

அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிராம். மதுவை உடல் உடைக்கும் வழியில் குறுக்கே நின்று, அசிடால்டிஹைடு என்ற நச்சைத் தேங்க வைப்பது அதன் வேலை. முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் விழும். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேகம் நீடிக்கும். வெளிநாட்டில் ஓர் இருமல் மருந்திலோ, சமையலில் ஊற்றிய ஒயினிலோ அறியாமல் சிறிது மது உள்ளே போனாலும் அவர் துவண்டு விழலாம். என்ன கொடுத்தோம் என்று அங்குள்ள மருத்துவருக்கும் தெரியாது.

நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடும்போது அது நல்ல மருந்து. நானே எழுதிக் கொடுக்கிறேன். அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலப்பது மருத்துவ அறத்துக்கும் சட்டத்துக்கும் புறம்பானது. அம்மா முன்பு அதைச் செய்தபோது வேறு வழி தெரியாத நிலையில் இருந்தார். அதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் இன்று அப்பாவுக்கு அது தெரியவந்தால், நான்கு ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு டம்ளர் காப்பியில் கரைந்துபோகும். வீட்டில் பழைய மாத்திரை மீதி இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

போகலாமா, வேண்டாமா?

வாசனையைக் கேட்டீர்கள். வாசனையால் யாருக்கும் போதை ஏறாது. ஆசை எழலாம், அது உண்மை. மார்ச் மாதம் அங்கே திராட்சை அறுவடைக் காலம். புளிக்கும் சாற்றின் வாடை காற்றிலேயே இருக்கும். பனங்காட்டுக்கு நடுவே வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு அது கள்ளின் வாடையை நினைவுபடுத்தாமல் இருக்காது. ஆனால் எழும் ஆசை எழுந்தபடியே நிற்பதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பது அவருக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளாக டாஸ்மாக் கடையைத் தாண்டித்தானே நாகர்கோவிலுக்குப் போய்வருகிறார்.

ஆகவே ‘வேண்டாம்’ என்று அப்பா சொன்னால் அந்த ஆலை இல்லாத பயணமாக அதை மாற்றிவிடுங்கள். கடற்கரையும் மலையும் இருக்கின்றன, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ‘நீங்கள் போங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்’ என்று அவர் சொன்னால் அதை மட்டும் ஏற்க வேண்டாம். எல்லோரும் அங்கே குடித்துக்கொண்டிருக்க, ஊர் தெரியாத வீட்டில் அவர் தனியே உட்கார்ந்திருப்பது, ஆலையைவிட ஆபத்தான இடம்.

‘போய்ப் பார்க்கலாமே’ என்று அவரே விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். அங்கே குடிக்காமலே பார்க்க நிறைய இருக்கிறது. அதை நிறுவிய ஜோசப் செப்பெல்ட், அன்று ஜெர்மானியப் பகுதியாக இருந்த சைலீசியாவிலிருந்து வந்தவர். புகையிலை பயிரிட நினைத்து அது சரிவராமல் திராட்சைக்கு மாறி 1851-ல் தொடங்கினார். நம் மயிலாடிக்கு 1806-ல் வந்த ரிங்கல்தௌபே போதகர் பிறந்ததும் அதே சைலீசியாவில்தான். உங்கள் அப்பா சபை வரலாற்றில் ஆர்வமுள்ளவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1878-ல் ஜோசப்பின் மகன் பென்னோ, 500 லிட்டர் பீப்பாய் ஒன்றை மூடி வைத்து, நூறு ஆண்டுகளுக்கு யாரும் இதைத் தொடக் கூடாது என்றார். அப்படியே 1978 வரை தொடவில்லை. ஆண்டுக்கு ஒரு பீப்பாய் வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1930-களில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது தொழிலாளர்களை வேலையைவிட்டு நிறுத்தாமல், சாலை நெடுகப் பேரீச்சை மரம் நட வைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன. தோட்டத்தில் கூலியாட்களோடு வாழ்ந்த ஒரு மேற்பார்வையாளருக்கு, ஒயினைவிட அந்த மரங்களின் கதைதான் பிடிக்கும் என்பது என் எண்ணம். பழைய லாயத்தில் கைவினைஞர்கள் வேலை செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு அது போதும்.

சில ஏற்பாடுகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

1959 முன்பதிவை அண்ணன் ரத்து செய்ய வேண்டும். பீப்பாய்கள் அடுக்கிய அந்தக் கூடத்துக்குள் அப்பா போக வேண்டாம். வெளியே தோட்டத்தையும் கட்டடங்களையும் பார்க்கட்டும்.

அன்று குடும்பத்தில் ஒருவரும் குடிக்க வேண்டாம். மார்ச் தவக்காலமாகவும் இருக்கிறது, பலருக்கு அது எளிதாக இருக்கும். அண்ணன் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு இது சட்டப்படியும் நல்லது. தெற்கு ஆஸ்திரேலியாவில் முழு உரிமம் உள்ள ஓட்டுநரின் இரத்தத்தில் மது 0.05 அளவை எட்டினாலே குற்றம். அங்கிருந்து அடிலெய்டு ஒரு மணி நேரப் பயணம், வண்டியில் குழந்தைகள் வேறு. கடிதத்தில் நீங்கள் சொல்லும் 14 வயதுப் பையனுக்கு ‘சும்மா ஒரு வாய்’ கொடுக்கும் பேச்சும் வேண்டாம்.

‘போகலாம்’ என்று எழுதிய கையோடு ஒன்று சொல்கிறேன்: ஆலையைவிட விமானத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து தூக்கமில்லாத நீண்ட இரவு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீட்டப்படும் இலவச மது. அவரை உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வையுங்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்லும் உறவினர்களுக்கு இப்போதே மறுத்துவிடுங்கள்.

சனிக்கிழமைக் கூட்டம் விட்டுப்போகக் கூடாது. அடிலெய்டிலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நடக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருந்தால், நாகர்கோவில் நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் பேச நேரம் குறித்துக்கொள்ளட்டும். மார்ச்சில் அங்கே நம்மைவிட ஐந்து மணி நேரம் முன்னால். நமக்கு மாலை 6 என்றால் அவருக்கு இரவு 11. காலையில் பேசுவதானால் அங்கே 11 மணிக்கு இங்கே 6.

கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரை ஒருமுறை பார்த்து, கல்லீரல் பரிசோதனையும் மருந்துச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே எப்போது அவசரம் என்றாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். நீங்கள் பேசுவதற்கும் அது உதவும்.

உங்களுக்கு

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் சொல்லாத ஒன்றை எழுதியிருந்தீர்கள். நான்கு ஆண்டுகளாக, அப்பா குடித்து வைத்த தண்ணீர் டம்ளரைக் கழுவுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பதாக. அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போதும். ‘நான் கெட்ட மகளா’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. குடிநோயாளியின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பலரும் இதைச் செய்கிறார்கள். அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்து வளர்ந்தவர் நீங்கள். குடி நின்ற பிறகும் அந்தக் காவல் உடம்பைவிட்டு இறங்குவதில்லை. ஆனால் அது உங்களைத் தின்கிறது. உறக்கமின்மையும் எரிச்சலும் பற்றி எழுதியிருப்பவை அதன் அடையாளங்களே. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்று ‘அல்-அனான்’ என்ற குழு இருக்கிறது. அப்பா போகும் கூட்டத்தில் கேட்டால் அதற்கான வழியைச் சொல்வார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த ஆலைக்குப் போவதென்று முடிவானால், அன்று பிற்பகல் இரண்டு மணி நேரம் அப்பாவை அண்ணன் பொறுப்பில் விடுங்கள். இரண்டு பேரும் தனியாக லாயத்துப் பட்டறைகளைப் பார்க்கட்டும், பேசாமல் இருந்தாலும் சரி. நீங்களும் அம்மாவும் அந்தப் பேரீச்சை வரிசைக்குக் கீழே நடந்துவிட்டு வாருங்கள். தொலைபேசியை அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.